கோதை: சேர மன்னன் பெயர் பெண் பெயரான கதை

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கையில் எடுக்கும் பெயர்ப் புத்தகங்களில் ‘கோதை’ என்ற பெயருக்கு நேரே பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: ஆண்டாள். இது பொருள் ஆகாது. அந்தப் பெயரை வைத்திருந்தவர் யார் என்பதற்கான பதில் மட்டுமே. கண்ணன் என்றால் என்ன பொருள் என்று கேட்டவரிடம் ‘தேவகி மகன்’ என்று சொல்வதைப் போன்றது. கோதை என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஆண்டாள் வந்து சேர்வது பாதி வழியில்தான். அதற்கு முன்பே அந்தப் பெயரை அரசர்கள் வைத்திருந்தார்கள். அரசிகள் அல்லர், மீசை வைத்த அரசர்கள்.

முதலில் வேரைப் பார்ப்போம். நூலில் பூவையோ மணியையோ ஏற்றுவதைக் கோத்தல் என்கிறோம். ‘ஊசியில் நூலைக் கோத்துக் கொடு’ என்று இன்றும் பாட்டிமார் கேட்கும் அதே சொல். (கோர்த்து என்று ரகரம் நுழைந்தது பேச்சுவழக்கில்.) ‘கோ’ என்ற இந்த வினையிலிருந்து கோவை வந்தது, கோப்பு வந்தது, கோதையும் வந்தது. கோவை என்றால் வரிசைப்படக் கோத்தது. அலுவலகத்தில் தாள்களைச் சேர்த்து வைத்தால் அது கோப்பு. பூவைச் சேர்த்தால் கோதை. ஆக, கோதையின் முதற்பொருள் பூமாலை. தெய்வமும் இல்லை, பெண்ணும் இல்லை. நாரும் பூவும்தான்.

மாலை எப்படிப் பெண்ணாயிற்று என்பதைப் பள்ளியில் இலக்கணம் படித்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ‘பொற்றொடி வந்தாள்’ என்று தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட அன்மொழித்தொகை நினைவிருக்கிறதா? வந்தது வளையல் அன்று, வளையல் போட்டவள். அதே கணக்கில் ‘பூங்கோதை வந்தாள்’ என்றால் பூமாலை சூடியவள் வந்தாள். நாளடைவில் பூவும் உதிர்ந்து, வெறும் கோதை என்றாலே பெண் என்றாயிற்று. பெண்ணின் கூந்தலுக்கும் அந்தச் சொல் ஆகிவந்தது. மாலை தங்குமிடம் கூந்தல்தானே.

அகராதியைத் திறந்தால் இன்னும் இரண்டு பொருள் எட்டிப் பார்க்கும், பெயர் வைக்க ஆசைப்பட்ட பெற்றோரைக் கொஞ்சம் பதறவைக்கும்: உடும்பு, வில்வீரர் கையில் கட்டும் தோலுறை. பயப்பட வேண்டாம். அது வடமொழி ‘கோதா’ (உடும்பு) தமிழுக்கு வந்து கோதை என்று எழுதப்பட்டது. வில்லின் நாண் வந்து அறையாமல் இருக்கக் கையில் கட்டிக்கொள்ளும் உறைக்கும் வடமொழியில் அதே பெயர். ஒலி ஒன்று, பிறப்பு வேறு. கோதண்டமும் இந்தக் குடும்பத்தில் சேராது. ‘தேர்தல் கோதாவில் குதித்தார்’ என்கிற மல்யுத்தக் கோதாவும் சேராது.

இனி அரசர்கள். புறநானூற்றின் 48ஆம் பாட்டு பொய்கையார் பாடியது. பாடப்பட்டவன் சேரமான் கோக்கோதை மார்பன். பாட்டு இப்படித் தொடங்குகிறது:

“கோதை மார்பிற் கோதை யானும்,
கோதையைப் புணர்ந்தோர் கோதை யானும்,
மாக்கழி மலர்ந்த நெய்த லானும்,
கள்நா றும்மே கானலந் தொண்டி”

இரண்டே அடியில் நான்கு கோதை. முதற்கோதை அரசன். இரண்டாவது அவன் மார்பில் கிடக்கும் மாலை. மூன்றாவது மறுபடி அரசன். நான்காவது, அவனைத் தழுவிய மகளிர் சூடியிருந்த மாலை. மன்னன் மாலையிலும் மகளிர் மாலையிலும் கழியில் பூத்த நெய்தலிலும் தேன் வழிவதால், சேரனின் துறைமுகமான தொண்டி முழுக்கக் கள் மணக்கிறதாம். அதற்கடுத்த அடியில் பொய்கையார், ‘அதுதான் எம் ஊர், அவன்தான் எம் அரசன்’ என்கிறார். அரசனின் பெயரை வைத்து இவ்வளவு உரிமையோடு விளையாட ஒரு புலவருக்கு இடமிருந்தது. அந்த விளையாட்டுப் புரிய வேண்டுமானால் கேட்டவர்களுக்குக் கோதை என்றால் மாலை என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அது ஓர் ஆணின் பெயர் என்பதில் எந்த வியப்பும் இல்லாமலும் இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தார் என்றால் ஆண் அணிவது, மாலை, கோதை என்றால் பெண் அணிவது என்று ஒரு பிரிவினை நம் உரைமரபில் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் சேர்ந்திருப்பதைச் சொல்லும் “தாரும் மாலையும் மயங்கி” என்ற அடியில் தார் அவனுடையது, மாலை அவளுடையது. ஆனால் பொய்கையாரின் பாட்டில் இருபாலார் மாலைக்கும் கோதை என்ற ஒரே சொல்தான். பிரிவினை அப்போது அவ்வளவு இறுக்கமாக இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

49ஆம் பாட்டிலும் பொய்கையார் இதே மன்னனை “ஓங்குவாள் கோதை” என்கிறார். 54ஆம் பாட்டின் தலைவன் சேரமான் குட்டுவன் கோதை. ஆனால் இந்தப் பெயர்க்காரர்களில் மனத்தை விட்டு அகலாதவன் 245ஆம் பாட்டைப் பாடிய சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவி இறந்துவிட்டாள். கள்ளி படர்ந்த பொட்டலில், விறகடுக்கின் மேல், நெருப்பையே படுக்கையாக விரித்து அவளைக் கிடத்திவிட்டு வந்து நிற்கிறான். என் துயரம் எவ்வளவு பெரிது என்றால்தான் என்ன, என் உயிரைப் போக்கும் அளவுக்கு அதற்கு வலிமை இல்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறான்.

“ஞாங்கர் மாய்ந்தனள் மடந்தை,
இன்னும் வாழ்வல் என்இதன் பண்பே”

இன்று பெண்ணுக்கு மட்டும் வைக்கிற பெயர் இங்கே கணவனுக்கு இருக்கிறது. இறந்த மனைவிக்குப் பெயரே இல்லை. பாட்டுக்குள் அவள் மடந்தை, பாட்டின் அடிக்குறிப்பில் பெருங்கோப்பெண்டு. இரண்டும் பெயர் அல்ல.

பாட்டு ஒன்றுதான் சான்றா என்று கேட்பவர்களுக்குக் காசும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’ என்றும், வேறொரு காசில் ‘குட்டுவன் கோதை’ என்றும் பொறித்திருக்கிறது. நடுவில் பக்கவாட்டில் பார்க்கும் ஓர் ஆணின் தலை. உரோமக் காசுகளின் சாயல் அப்படியே தெரிகிறது. மிளகு வாங்க வந்தவர்கள் கொண்டுவந்து கொட்டிய காசுகளைப் பார்த்து, ‘நம் தலையையும் இப்படிப் போட்டால் என்ன’ என்று சேரர் நினைத்திருக்க வேண்டும். கோதை என்ற சொல்லைத் தமிழில் எழுதி ஓர் ஆண் முகத்தின் அருகில் பொறித்த பொருள் நம்மிடம் இருக்கிறது. இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

சங்க காலத்தோடு இது முடிந்துவிடவும் இல்லை. சேரருக்கே கோதை என்பது பொதுப்பெயராகிவிட்டது. நாயன்மார் அறுபத்துமூவரில் ஒருவரான சேரமான் பெருமாளுக்கு அரசேற்கும் முன் இருந்த பெயர் பெருமாக்கோதையார் என்கிறது பெரியபுராணம். அவர் ஆண்ட கொடுங்கோளூருக்கும் (இன்றைய கேரளத்தின் கொடுங்கல்லூர்) மகோதை என்று ஒரு பெயர். அவருடைய தோழர் சுந்தரர், அலைவந்து முட்டும் “கடலங்கரைமேல் மகோதை” என்றே திருவஞ்சைக்களத்தைப் பாடுகிறார். அதே நகரம் வடமொழியில் மகோதயபுரம். ஒலியைப் பிடித்துக்கொண்டு பொருளை மாற்றிவிடும் இந்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆண்டாள் பெயருக்கும் இது நடக்கப்போகிறது.

9, 10ஆம் நூற்றாண்டுகளில் மகோதையிலிருந்து ஆண்ட பிற்காலச் சேரர்களில் கோதை இரவி, இந்து கோதை என்று பெயர்கள் வருகின்றன. அதற்குப் பிறகு மலையாள அரச குடும்பங்களில் அது ‘கோதவர்மா’ என்று வடமொழிச் சட்டை போட்டுக்கொண்டு, கொச்சியிலும் கொடுங்கல்லூரிலும் ஆண் பெயராகவே தொடர்ந்தது. கேரள விளையாட்டுத் துறையின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் ஜி.வி.ராஜாவின் முழுப்பெயர் கோதவர்ம ராஜா. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908இல் பிறந்து 1971இல் விமான விபத்தில் இறந்தவர். அவர் பிறந்த அக்டோபர் 13 அங்கே விளையாட்டு நாள். அந்த இனிஷியலில் இருக்கும் முதல் எழுத்துக்குப் பின்னால் அமராவதிக் காசில் உள்ள பெயர் நிற்கிறது என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்!

அரண்மனையில் ஆணுக்கு இருந்த அதே பெயர், கேரளத்தில் குடிசையில் பெண்ணுக்கு இருந்தது. அங்கே ‘கோத’ என்பது பழைய காலத்துச் சாதாரணப் பெண் பெயர். “வாயில் தோந்நியது கோதய்க்குப் பாட்டு” என்று மலையாளத்தில் ஒரு பழமொழியே உண்டு. வாய்க்கு வந்ததெல்லாம் கோதைக்குப் பாட்டாம். வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களைக் கேலிசெய்யச் சொல்வது.

கோதையின் பாட்டு என்றாலே நமக்கு நினைவு வருவது வேறு. மலைக்கு இந்தப் பக்கம் திருவில்லிபுத்தூரில், மகோதையில் கோதைகள் ஆண்டுகொண்டிருந்த காலத்தை ஒட்டியே ஒரு பெண் அந்தப் பெயரில் பாடினாள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரம். இவற்றில் எங்கேயும் அவள் தன்னை ஆண்டாள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆண்டாள் என்பது பின்னால் பிறர் அன்போடு வைத்த பெயர். அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது கோதை என்ற ஒன்றைத்தான். அதையும் தனியாகச் சொல்வதில்லை. “வேயர்புகழ் வில்லிபுத்தூர்க்கோன் கோதை”, “பட்டர்பிரான் கோதை”, “விட்டுசித்தன் கோதை” என்று ஊரும் தகப்பன் பெயரும் முன்னால் வர, கடைசியில் தன் பெயர். ஊர், அப்பா, தன் பெயர்: இன்றைக்கும் நாம் இனிஷியல் போடும் அதே வரிசை!

பெயர்க்காரணத்துக்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. அவளுடைய தகப்பன் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து, பெருமாளுக்குப் பூ பறித்து மாலை கட்டிக்கொடுத்தவர். ஆடிப்பூரத்தில் துளசிச் செடியின் கீழே குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது குருபரம்பரைக் கதை. பூக்கட்டுகிறவர் தம் மகளை மாலை என்று கூப்பிட்டார், அவ்வளவுதான். பொற்கொல்லர் வீட்டில் பொன்னி பிறப்பது மாதிரி. மகளும் பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொண்டாள்: பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள், சூடிக்கொடுத்தாள் ஆனாள். இன்றும் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது தோளில் இருப்பது திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலை. புரட்டாசியில் திருப்பதி கருடசேவைக்கும் அங்கிருந்து மாலை போகிறது.

தன் பெயரின் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்குத் திருப்பாவையின் கடைசிப் பாட்டு சாட்சி. “அணிபுதுவைப் பைங்கமலத் தண்தெரியல் பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ்மாலை முப்பதும்.” தெரியல் என்றால் மாலை. கோதை என்றால் மாலை. மாலை என்றால் சொல்லவே வேண்டாம். அப்பாவின் கழுத்தில் தாமரை மாலை, மகளின் பெயர் மாலை, அவள் கட்டிக்கொடுப்பது சொல்மாலை. மூன்று சொல்லும் ஒரே மூச்சில் வருகின்றன. பொய்கையார் கோதை என்ற ஒரே சொல்லை நான்கு முறை போட்டு ஆடிய ஆட்டத்தை இவள் மூன்று வெவ்வேறு சொல்லை வைத்து ஆடியிருக்கிறாள். மார்கழியில் தினமும் பாடுகிறவர்கள்கூட இதைக் கவனிக்காமல் கடந்துபோவது உண்டு. பாட்டு அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

பிறகு வடமொழி வருகிறது. கோதை ‘கோதா’ ஆனாள். தமிழில் ஐ என்று முடிவது வடமொழியில் ஆ என்று முடியும் என்பது பழகிய வாய்பாடு. சீதா சீதை ஆனாள், ராதா ராதை ஆனாள். இங்கே எதிர்த்திசையில் நடந்தது. ஒலி மாறியதும் புதுப் பொருளும் பிறந்துவிட்டது. கோ என்றால் பசு, நிலம், வாக்கு என்று பல. தா என்றால் தருபவள். ஆகவே வாக்கைத் தருபவள் கோதா என்று உரைகாரர்கள் விரித்தார்கள். கோதாவரி ஆற்றுக்கும் கோதா என்று பெயர் இருந்தது வசதியாயிற்று. வேதாந்த தேசிகர் தம் கோதா ஸ்துதியில் (29 சுலோகம்) இதை வைத்து ஒரு சுலோகம் செய்திருக்கிறார்: உதட்டில் சிவப்பு என்பதற்கு சோணம், மார்புக்குத் துங்கபத்திரை, வாக்குக்கு சரஸ்வதி, இயல்பில் விரஜை, பெயரால் கோதா, காதலனுக்கோ இன்பம் தரும் நர்மதை. ஆறு ஆறுகளை ஒரு பெண்ணுக்குள் பாயவிட்டுவிட்டார். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் அவள் கதையைப் பாடியபோது வைத்த தலைப்பு ‘ஆமுக்தமால்யதா’. சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதன் நேர் வடிவம். இதில் கடைசியில் வரும் ‘தா’வும் அதே தருபவள்தான்.

இதெல்லாம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் பெயரின் பிறப்பு என்று கேட்டால் என் வாக்கு தமிழ் மாலைக்குத்தான். பாசுரங்களில் உள்ள வடிவம் கோதை. அவள் வீட்டுத் தொழில் மாலை. அவளுக்குப் பல நூற்றாண்டு முன்பே சேரர் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள், அவர்களுக்கும் மாலை என்றே பொருள். வாக்கைத் தருபவள் என்பது பெயர் பிறந்த பிறகு பக்தி கட்டிய இரண்டாவது மாலை.

அப்படியானால் தமிழ்நாட்டில் ஆண் கோதைகள் எங்கே போனார்கள்? ஆண்டாள் ஒரு காரணம் என்பது வெளிப்படை. வைணவ வீடுகளில் அந்தப் பெயர் அவளுக்கே உரியதாகிவிட்டால், எந்த அப்பாவும் மகனுக்கு அதை வைக்கமாட்டார். சேரர் ஆட்சி மலையாளமாகப் பிரிந்து போனதால், அந்தப் பெயரைத் தாங்கிய அரச மரபும் நம் பார்வையிலிருந்து விலகிற்று. மூன்றாவதாக ஒன்று எனக்குத் தோன்றுகிறது: அந்த ஐகாரம். பழந்தமிழில் ஐ என்று முடிந்தால் பெண் என்ற நினைப்பு இல்லை. கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து உயிர்விட்ட பிசிராந்தை ஆண்தானே? சீதை, ராதை, யசோதை, ஊர்மிளை என்று வடமொழிப் பெண் பெயர்கள் வரிசையாக ஐகாரத்தில் முடிந்து காதில் ஏறிய பிறகு, கோதையும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. யசோதை பக்கத்தில் கோதையை வைத்தால் ஓசையே ‘நான் பெண்’ என்கிறது. மலையாளத்தில் அந்த ஐகாரம் அகரமாகிக் கோத என்றும் கோதவர்மா என்றும் ஆனதால், அங்கே ஆண் பெயராகவும் நீடிக்க இடம் இருந்தது.

பெண்ணுக்கென்று ஆன பிறகு, ‘கோதை’ தனியாக நிற்பதைவிடத் துணையோடு வருவதே அதிகம்: கோதைநாயகி, கோதையம்மாள், கோதை நாச்சியார், பூங்கோதை. சென்ற நூற்றாண்டில் இந்தப் பெயரைத் தமிழ்நாடு முழுக்க அச்சில் கொண்டுசேர்த்தவர் வை.மு.கோதைநாயகி அம்மாள் (1901–1960). ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிப்படிப்பு இல்லை. 115 நாவல்கள் எழுதி, 1925இலிருந்து ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர். அந்த வை.மு. கணவர் வீட்டு வைத்தமாநிதி முடும்பை என்ற வைணவக் குடும்பப் பெயர். கோதைநாயகி வைணவ வீட்டுப் பெயர் என்றால், பூங்கோதைக்கு அந்த எல்லை கிடையாது. தனித்தமிழ்ப் பெயர் தேடியவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள், அவர்களில் பலருக்கு ஆண்டாள் நினைவே இருந்திருக்காது. பூவும் மாலையும் போதுமானதாக இருந்தது.

இன்று பெயர் வைப்பவர்களுக்கு இருக்கும் சிக்கல் பொருளில் இல்லை, எழுத்துக்கூட்டலில். கோதையின் த, ஆதி, பாதி என்பவற்றில் வரும் மெல்லிய த. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது Kodai என்று போட்டால் கோடை ஆகிவிடும், வெயிற்காலம் வந்துவிடும். Kodhai என்று எழுதுவோர் தமிழ்நாட்டில் உண்டு, Kothai என்று எழுதுவது பழைய வழக்கம், இலங்கையிலும் அதுவே. வடிவம் எதுவானாலும் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகாமல் முதல் நாளே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. மாக்கோதைக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் தமிழில் மட்டும்தான் எழுதினான்.